லொவெலாவுக்குக் கிடைத்த கண்டனங்கள்

லொவெலாவின் உடல் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அவளுடைய சாவுக்கான கண்டனம் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் மாகாணத்தில் ஆம்புலன்ஸ் கொஞ்சம் முன்பின் ஆகும். கண்டனம் தாமதமானது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அன்று மதியம், சான் ருஃபினோவிலிருந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த ஜீப்னி என்கிற குட்டி பஸ்ஸின் மேல் எங்கிருந்தோ ஒரு ஷெல் வந்து விழுந்தது. பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நிறங்களின் பெயர்களும் சொல்லிக்கொடுத்துவந்த லொவெலாவும், கருவாட்டு மூட்டையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மொக்தாரும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். டிரைவர் இஸ்கோவுக்கு ஒரு கால் போயிற்று.

லொவெலாவின் அப்பா டிக்யோ லபாதான் சந்தைக்குப் பின்னால் சலூன் வைத்திருப்பவர். அதிகம் பேசாத மனிதர். முடி வெட்டுகிறவர் பேசாமலிருப்பது எங்கள் ஊரில் ஒரு குறையாகத்தான் சொல்லப்படும். அவர் மகளின் உடலுக்காகச் சலூன் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மாகாணக் கண்டன மன்றத்தின் வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய பேனரும், அதைக் கட்ட ஆட்களும், மன்றத்தின் செயலாளர் திவினாகிராசியா அம்மையாரும் இறங்கினார்கள்.

இந்த மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் யாராவது அநியாயமாகச் செத்தால் அவரவர் வாய்க்கு வந்தபடி "பாவிங்க, நாசமாப் போக" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பாதிரியார் ஒரு மாதிரி சொல்வார், மீன்காரிகள் வேறு மாதிரி சொல்வார்கள். இதில் ஓர் ஒழுங்கு இல்லை என்பதை ஆளுநர் கவனித்தார். ஆளுநரை எதிர்த்து மலையில் ஆயுதத்தோடு இருக்கும் மலைக்காரர்கள் பஸ் நிலையத்தில் குண்டு வைத்து, ஊருக்குப் போகக் காத்திருந்தவர்களைக் கொன்ற பிறகு, கண்டிப்பதற்கென்றே ஒரு மன்றத்தை ஏற்படுத்தினார். ஏசி போட்ட கட்டடம், வேன், சைரன், பேனர் அச்சடிக்கச் சொந்த இயந்திரம். தலைவராக அட்டர்னி வில்யராமா. அன்றிலிருந்து நாங்கள் யாரும் சொந்தமாகக் கண்டிப்பதில்லை.

பேனரில் ஆளுநர் முஷ்டியை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "மலைக்காரர்களின் மிருகத்தனமான, கோழைத்தனமான, மன்னிக்க முடியாத காட்டுமிராண்டித்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே வலது மூலையில், பட்டமளிப்புத் தொப்பியோடு லொவெலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படம் கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார் டிக்யோ.

"எழுத்துக்கு இடம் வேணும்ல மனோங்" என்றார் திவினாகிராசியா. எங்கள் பக்கம் வயதில் மூத்த ஆண்களை மனோங் என்றுதான் கூப்பிடுவோம். "உங்க பொண்ணுக்கு நாலு வார்த்தை போட்டிருக்கோம். மிருகத்தனம், கோழைத்தனம், மன்னிக்க முடியாத, காட்டுமிராண்டி. பஸ் நிலையத்துக்கே மூணுதான்."

டிக்யோ நன்றி சொன்னார்.

அட்டர்னி வில்யராமா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நல்ல குரல் அவருக்கு. "ஓர் அப்பாவியின் உயிர் போனால், அது யாருடைய உயிராக இருந்தாலும் சரி, யார் எடுத்திருந்தாலும் சரி, இந்த மன்றம் வாய்மூடி இருக்காது. உயிருக்குக் கட்சி கிடையாது. ரத்தத்துக்கு நிறம் ஒன்றுதான்." டிக்யோவின் மனைவி சாலிங் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அந்தப் பேச்சு அத்தனை நன்றாக இருந்தது.

மொக்தாரின் வீட்டுக்கும் மன்றம் போயிற்று. ஆனால் அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பேனரை எங்கே கட்டுவது என்று தெரியாமல் கோழிக்கூண்டின் மேல் கட்டினார்கள். "இவ்வளவு சீக்கிரம் அடக்கம் பண்ணினா மன்றம் எப்படி ஒத்துழைக்க முடியும்?" என்று திவினாகிராசியா கேட்டாராம். மொக்தாரின் மனைவி நொராய்சா, "அடுத்த தடவை சொல்லிட்டுச் சாகச் சொல்றேன்" என்றாளாம். நொராய்சாவின் வாய் அப்படிப்பட்டது.

மலைக்காரர்களுக்கு ஆதரவான மக்கள் கண்ணீர் முன்னணி என்று ஒன்று, மருந்துக்கடை மாடியில் இருக்கிறது. அவர்கள் அன்று வரவில்லை. ஓர் அறிக்கை மட்டும் வந்தது. "சம்பவம் குறித்த தகவல்களைச் சேகரித்து வருகிறோம். அவசரப்பட்டு உணர்ச்சிவசப்படுவது மக்கள் விரோத சக்திகளுக்கே உதவும்." சாலிங் அதைப் படித்துவிட்டு, உணர்ச்சிவசப்படாமல் இருக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் ஊர்ச் சதுக்கமான பிளாசாவில் கண்டனக் கூட்டம். டிக்யோவுக்கும் சாலிங்குக்கும் நொராய்சாவுக்கும் மன்றத்தின் டீ-ஷர்ட் கொடுத்து மேடையில் உட்கார வைத்தார்கள். டீ-ஷர்ட்டின் முன்பக்கம் ஆளுநர், பின்பக்கம் லொவெலா. சாலிங் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஆளுநர் முதுகுக்குப் போவதா என்று திவினாகிராசியா பதறி, அவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சரியாகப் போட வைத்தார். சைரன் ஊதியது. ஒரு நிமிட மௌனம், ஆளுநருக்கு வேறு ஒரு திறப்பு விழா இருந்ததால், பாதியில் முடித்துக்கொள்ளப்பட்டது. மீதியை வீட்டில் அனுசரித்துக்கொள்ளுமாறு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த டிரைவர் இஸ்கோதான் கெடுத்துவிட்டான். ரேடியோக்காரர் மைக்கை நீட்டியதும், அந்த ஷெல் மலையிலிருந்து வரவில்லை, பழைய பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து வந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். பழைய பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருப்பது ஆளுநரின் தொண்டர் படை. அன்று அவர்களில் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்பதும், காலையிலிருந்தே குடி என்பதும் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, ரேடியோவிலும் வந்துவிட்டதே என்பதுதான் சிக்கல்.

மறுநாள் காலை டிக்யோ சலூனைத் திறக்க வந்தபோது வாசலில் பேனர் இல்லை. கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து, முறையிட நேரே மன்றத்துக்குப் போனார். வழியில் நொராய்சாவும் சேர்ந்துகொண்டாள். அவள் வீட்டுக் கோழிக்கூண்டும் வெறுமையாக இருந்தது.

உள்ளே நீள மேஜையைச் சுற்றிச் சொற்குழு கூடியிருந்தது. அட்டர்னி, திவினாகிராசியா, ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். இவர்களைப் பார்த்ததும் அட்டர்னி எழுந்து வந்து இருவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"திருடு போகல மனோங். நாங்கதான் எடுத்தோம். வாசகத்தைப் புதுப்பிக்கிறோம்."

"என்ன புதுப்பிக்கிறீங்க சார்?"

"மிருகத்தனம் எடுத்தாச்சு. கோழைத்தனம் எடுத்தாச்சு" என்றார் திவினாகிராசியா. "மன்னிக்க முடியாத, காட்டுமிராண்டி, ரெண்டும் நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு. இப்ப 'கண்டிக்கிறோம்'கிறதுல நிக்குது."

"அதை 'வருந்துகிறோம்'னு மாத்தலாம்கிறேன் நான்" என்றார் கர்னல். "ஷெல்லுன்னும் போட வேண்டாம். அது தவறுதலா இறங்கின ஒரு பொருள்."

டிக்யோ அட்டர்னி பக்கம் திரும்பினார். "சார், எனக்குப் புரியல. போன வாரமும் எம் பொண்ணு செத்துதான் இருந்தா. இந்த வாரமும் செத்துதான் இருக்கா. அதுல ஏதாவது மாறிடுச்சா?"

"அதுல ஒண்ணும் மாறல" என்றார் அட்டர்னி ஆதரவாக. "அவங்க சாவு அப்படியேதான் இருக்கு. அதைச் சுத்தி இருக்கிற சூழல்தான் மாறிடுச்சு."

"யார் உயிரா இருந்தாலும், யார் எடுத்திருந்தாலும்னு நீங்கதானே பேசினீங்க?"

"பேசினேன். இப்பவும் அதுல உறுதியா இருக்கேன். கொள்கையில மாத்தமே இல்ல. ஆனா கொள்கையை எல்லா நேரத்துலயும் வெளியே எடுத்துட்டுப் போனா தேஞ்சு போயிடும் மனோங். இப்ப நாங்க கண்டிச்சா எதிரி அதைப் பயன்படுத்திக்குவான். அப்ப உங்க பொண்ணு எதிரிக்கு உதவினதா ஆயிடும். அந்தக் கெட்ட பேரு அவளுக்கு வேணுமா?"

"கொன்னவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"கொன்னவங்கன்னு சொன்னா அதுல ஒரு நோக்கம் வந்துடுது. மலைக்காரன் போட்டா நோக்கத்தோட போடுவான். நம்ம பையன் நோக்கமே இல்லாமப் போட்டிருக்கான். உங்க மக மேல யாருக்கும் எந்த விரோதமும் இல்ல. அதை நினைச்சு நீங்க ஆறுதல் அடையணும்."

நொராய்சா அதுவரை ஏசிக் காற்றுக்கு முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எம் புருசனும் நோக்கமில்லாமத்தான் செத்தாரு. கருவாடு விக்கிற நோக்கம் மட்டும்தான் இருந்துச்சு. எழுதிக்குங்க" என்றாள்.

திவினாகிராசியா எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் வாசகம் இறங்கிக்கொண்டே போனது. கண்டிக்கிறோம் என்பது வருந்துகிறோம் ஆனது, வருந்துகிறோம் என்பது கவலையுடன் கவனிக்கிறோம் ஆனது. கடைசியில் கவலையையும் எடுத்துவிட்டுக் கவனிக்கிறோம் என்று மட்டும் விட்டார்கள். டீ-ஷர்ட்டுகளைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. சாலிங் மட்டும் கொடுக்கவில்லை. முன்பக்கத்தைக் கத்தரித்து ஆளின் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தை வைத்துக்கொண்டாள்.

மன்றம் படியிறங்கிய அதே வேகத்தில் மக்கள் கண்ணீர் முன்னணி மாடிப்படி இறங்கி வந்தது. அதன் தலைவர் தோழர் பெர்த்திங், தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் கொண்டுவந்தது சிவப்புப் பேனர். இதில் லொவெலாவின் படம் பெரிதாகவே இருந்தது. அதே பட்டமளிப்புப் படம்தான். ஆனால் தொப்பியை எடுத்துவிட்டுக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சிரிப்பையும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். "மக்கள் ஆசிரியை, தியாகி லொவெலா. கூலிப்படையின் மிருகத்தனமான, கோழைத்தனமான, மன்னிக்க முடியாத காட்டுமிராண்டித்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்."

மன்றத்தில் எடுக்கப்பட்ட நாலு வார்த்தையும் பத்திரமாக இங்கே வந்து சேர்ந்திருந்ததைப் பார்த்து டிக்யோவுக்கு ஒரு மாதிரி ஆயிற்று.

"அவ தியாகி இல்லீங்க தோழர். பள்ளிக்கூடத்துக்குப் போனா, அவ்வளவுதான். பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பா. வாத்துப் பாட்டு."

"அதுவே ஒரு போராட்டம்தான் மனோங்."

"வாத்துப் பாட்டா?"

"நீங்க இன்னும் அதைப் புரிஞ்சுக்கிற கட்டத்துக்கு வரல" என்றார் பெர்த்திங், வருத்தப்படாமல்.

டிக்யோ நிறைய யோசித்துவிட்டு ஒன்று கேட்டார். பஸ் நிலையத்தில் செத்தவர்களில் ஒரு கிழவர், மாதாமாதம் அவரிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர். "அன்னைக்கு பஸ் நிலையத்துல செத்தாங்களே, அவங்களுக்கும் இந்த மாதிரி ஒரு பேனர் போட்டீங்களா தோழர்?"

பெர்த்திங் தாடியைத் தடவினார். "அது வேற. அதை வரலாற்றுப் பின்னணியில வெச்சுப் பாக்கணும். தனியா எடுத்துப் பாத்தா வெறும் சாவு மாதிரி தெரியும். அடக்குமுறைதான் அந்தக் குண்டை வெச்சது. நம்ம ஆளுங்க அதைக் கொண்டுபோய் வெச்சாங்க, அவ்வளவுதான்."

"அவங்கள யாரும் கண்டிக்கலையா?"

"உள்ளுக்குள்ள கடுமையா சுயவிமர்சனம் பண்ணிக்கிட்டோம்."

"வெளிய?"

"வெளிய சொன்னா ஆளுநர் அதைப் பயன்படுத்திக்குவான் மனோங்."

வாசலில் நின்ற நொராய்சா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "அங்கயும் இதைத்தான் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சீங்களா?" என்று கேட்டாள். உண்மையில் ஒரே பள்ளிக்கூடம்தான். அட்டர்னி இரண்டு வகுப்பு முன்னால்.

முன்னணி ஊர்வலம் நடத்தியது. டிக்யோவும் சாலிங்கும் அதிலும் முன்வரிசையில் நடந்தார்கள். மகளின் படத்தை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதன் பின்னால் போகாமல் எப்படி இருப்பது என்று சாலிங் கேட்டாள். நாங்களும் கதவோரம் நின்று பார்த்தோம். போன தடவை கை தட்டியவர்கள் இந்தத் தடவை ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். போன தடவை சாத்திக்கொண்டவர்கள் இப்போது தெருவில் நின்று அழுதார்கள்.

அதற்குப் பிறகுதான் தலைநகரத்திலிருந்து விசாரணைக்காரர்கள் வந்து, ஷெல்லின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் ஆராய்ந்து, ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஷெல் முதலில் தொண்டர் படைக்கு வழங்கப்பட்டது. பிறகு மலைக்காரர்கள் முகாமைத் தாக்கி அதைக் கொண்டுபோனார்கள். பிறகு மலைக்காரர்களில் யாரோ அதைத் தொண்டர் படையில் யாருக்கோ திரும்ப விற்றிருக்கிறார்கள். ஜீப்னியின் மேல் விழுந்தது இப்படி இரு தரப்பும் புழங்கிய பொருள்.

அறிக்கை வந்த அன்றே சலூன் வாசலிலிருந்த சிவப்புப் பேனரும் காணாமல்போயிற்று. டிக்யோ இந்தத் தடவை முறையிட எங்கும் போகவில்லை. அவரைத் தேடி அவர்களே வந்தார்கள். ஒரே வேனில், முன்சீட்டில் திவினாகிராசியாவும் பின்சீட்டில் தோழர் பெர்த்திங்கும்.

"ஒரு நல்ல செய்தி மனோங். நாங்க பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கிட்டோம்" என்றார் திவினாகிராசியா.

மாகாண மண்டபத்தில் கூட்டம். இரு தரப்பும் ஒரே மேடையில் உட்காருவது எங்கள் நினைவில் அதுவே முதல்முறை. அட்டர்னி வில்யராமாவும் தோழர் பெர்த்திங்கும் கூட்டறிக்கையை ஆளுக்கொரு வரியாக வாசித்தார்கள். "மலைப்பாதையில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் குறித்து இனி எத்தரப்பும் பேசுவதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்யப்படுகிறது." அட்டர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இத்தனை ஆண்டுகளில் நாம் ஒத்துப்போன முதல் விஷயம் இது. சமாதானத்தின் முதல் செங்கல்." பெர்த்திங் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். பின்னால் பன்சித் நூடுல்ஸ் தட்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன.

டிக்யோ நன்றி சொல்ல வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நொராய்சா அவருடைய சட்டையின் பின்பக்கச் சுருக்கத்தை இழுத்துவிட்டு, "போய்ப் பேசு மனோங். தொண்டை அடைச்சா நான் வர்றேன்" என்றாள்.

அவர் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு பேரு லொவெலா. இந்தத் தங்கச்சியோட புருசன் பேரு மொக்தார். ஒரு வம்புக்கும் போகாதவங்க. அவங்களக் கொன்னது தப்பு."

மண்டபத்தின் இடது பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. முன்னணி ஆட்கள் வலது பக்கத்தை முறைத்தபடி தட்டினார்கள்.

"பஸ் நிலையத்துல செத்தவங்களக் கொன்னதும் தப்பு."

வலது பக்கம் எழுந்து நின்று தட்டியது. அவர்கள் இடது பக்கத்தை முறைத்தார்கள்.

"யாரு கொன்னாலும் தப்புதாங்க. உங்க ரெண்டு பேரையும்தான் சொல்றேன்."

இதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டியது. அவரவர் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டி, "சரியாச் சொன்னாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்கள். மண்டபம் அதிர்ந்தது. டிக்யோ இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "உங்களத்தான்" என்றார். கைதட்டலும் இன்னும் சத்தமாயிற்று. அவர் மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். நடவடிக்கைக் குறிப்பில், திரு லபாதான் இரு தரப்புக்கும் நன்றி தெரிவித்தார் என்று திவினாகிராசியா எழுதினார். அட்டர்னி கைகுலுக்கி, மனதைத் தொட்ட பேச்சு என்றார்.

வெளியே வந்ததும் நொராய்சா கேட்டாள். "என்ன மனோங், கேட்டுச்சா அவங்களுக்கு?"

"கேட்டுச்சு. அதான் தட்டினாங்க."

இருவரும் பன்சித் சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. டிக்யோ பழையபடி சலூனில் நின்றார். ஒருநாள் காலை, மர வியாபாரி ஃபோர்த்துனாதோவுக்கு அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பெஞ்சில் மூன்று நான்கு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். நானும் இருந்தேன். ரேடியோவில் பாட்டு நின்று செய்தி வந்தது. தெற்கே ஒரு படகுத்துறையில் குண்டு வெடித்திருக்கிறது. வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் செத்திருக்கிறார்கள்.

சலூனில் எல்லோரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. எதை வரவழைத்துக்கொள்வதென்று தெரியாத முகங்கள். டிக்யோவின் கத்தியும் அந்தரத்தில் நின்றிருந்தது.

"யார் செய்தது என்பது இன்னும் தெரியவரவில்லை" என்றது ரேடியோ.

"தெரிஞ்சதும் சொல்லுவாங்க" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "அப்பப் பாத்துக்கலாம்" என்று இன்னொருவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

டிக்யோ தன் கையைப் பார்த்தார். பிறகு கத்தியை மெல்லக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, எங்கள் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நானும் யாருன்னு தெரியட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். கொஞ்சம் கழித்து, "செத்தவங்க பேரு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

யாரும் கவனித்திருக்கவில்லை. ரேடியோவில் அதற்குள் கண்டன அறிக்கைகள் வரத் தொடங்கியிருந்தன. பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்க, ஃபோர்த்துனாதோ கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சொன்னார்:

"மனோங், ஒரு பக்கம்தான் ஆகியிருக்கு."